செம்பு இல்லாத மோட்டாரும் சிறுதொழில் ஒதுக்கீடும்

கேள்வி: கோபிப் பக்கத்து வாசகர், 9 ஜூன் 2025

அரசு வாங்குவதில் 25 சதவீதம் சிறுதொழிலுக்கு என்று விதி இருக்கிறது. என் தம்பி, எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்து ஆறு வருடம் ஆகிறது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் பழுதாகும் குடிநீர் மோட்டார்கள் எல்லாம் இருபது மைல் தள்ளி ஒரு பெரிய டீலரிடம் போகின்றன. ஒதுக்கீட்டைச் சொல்லிக் கேட்டால் எழுத்தர் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார்?

9 ஜூன் 2025, இரவு 10.20

சிரித்தது தப்பு. ஆனால் காரணம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் 25 சதவீதம் மத்திய அரசுத் துறைகளுக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் போட்ட விதி. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த கொள்முதல் ஆணை. முதலில் 20 சதவீதம் என்றிருந்தது. 2018 நவம்பரில் 25 ஆக்கினார்கள். அதற்குள்ளேயே 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. குறு, சிறு இரண்டுக்கும்தான் இது. நடுத்தரத் தொழிலுக்குக் கிடையாது.

உங்கள் ஒன்றியம் இதற்குள் வராது. அங்கே நடப்பது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் (டெண்டர்) ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998. ரயில்வேயின் மோட்டார் எரிந்தால் தம்பி அந்த ஆணையைக் காட்டலாம். ஊராட்சி மோட்டார் எரிந்தால் காட்ட முடியாது. இரண்டும் ஒரே மின்சாரத்தில் ஓடி ஒரே மாதிரிதான் எரிகின்றன என்பது வேறு விஷயம்.

நானும் காயில்காரன்தான். கிணத்துக்கடவு பக்கம் பத்தொன்பது வருடம். மத்திய நிறுவனத்தில் ஒதுக்கீட்டில் போனால் எல்-1 விலையைவிட, அதாவது வந்ததிலேயே குறைந்த விலையைவிட, 15 சதவீதம் கூடுதலாகக் கேட்டாலும் நமக்கே தந்துவிடுவார்கள். அது ஒன்றுதான் உருப்படியான சலுகை.

10 ஜூன் 2025, காலை 7.05

நேற்று எழுதியதன் கடைசி இரண்டு வரிகளை அடித்துவிடுங்கள். காலையில் டீக்கடையில் ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். பீளமேட்டில் வால்வு செய்கிறவர். பத்து வருடமாக மத்திய நிறுவனங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி போடுகிறவர் என்பதால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

கணக்கு இப்படி. பெரிய கம்பெனி 1,00,000 சொல்கிறது. நீங்கள் 1,14,000 சொல்கிறீர்கள். 15 சதவீத வரம்புக்குள் இருப்பதால் உங்களைக் கூப்பிட்டு, "அந்த 1,00,000க்கே நீங்களும் செய்வீர்களா?" என்று கேட்பார்கள். சரி என்றால் மொத்த வேலையில் 25 சதவீதம் உங்களுக்கு. பங்கு போட முடியாத வேலையாக இருந்தால் முழுவதையும் உங்களிடமே கொடுக்கலாம். 1,14,000 என்ற விலையை யாரும் தர மாட்டார்கள். பந்தியில் இடம் உண்டு. இலையில் விழுவது அதே சோறு.

உருப்படியான சலுகை எது என்றால், ஒப்பந்தப்புள்ளிப் படிவத்துக்குக் காசு கிடையாது, ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத்தொகை கட்ட வேண்டாம். இந்த இரண்டும்தான். வருடத்தில் நான்கு இடத்தில் முன்வைப்புத்தொகை முடங்கினால் என் கடையில் செம்புக் கம்பி வாங்கப் பணம் இருக்காது. முன் அனுபவம், விற்றுமுதல் ஆகியவற்றிலும் தளர்வு கொடுக்கலாம் என்று இருக்கிறது. "கொடுக்கலாம்" என்பதற்கும் "கொடுக்க வேண்டும்" என்பதற்கும் நடுவே ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார்.

11 ஜூன் 2025, மதியம்

கேள்வி கேட்டவர் தம்பியின் உத்யம் சான்றிதழை அனுப்பியிருந்தார். பார்த்ததும் தலையில் கை வைத்தேன். தொழில் வகை எண் 47இல் தொடங்குகிறது. அது சில்லறை வணிகம். தம்பி மோட்டார் விற்கிறாரா? இல்லை. பதிந்து கொடுத்த நெட் சென்டர் பையன் "மோட்டார் கடை" என்று கேட்டதும் கடை என்பதைப் பிடித்துக்கொண்டான்.

2021 ஜூலையிலிருந்து வியாபாரிகளும் உத்யமில் பதியலாம். ஆனால் அவர்களுக்கு வங்கிக் கடன் முன்னுரிமை மட்டும்தான் உண்டு. கொள்முதல் சலுகை கிடையாது. ஆகவே தம்பி ரயில்வேக்கே போயிருந்தாலும் இந்தக் காகிதத்தை வைத்து ஒன்றும் நடந்திருக்காது.

மோட்டார் காயில் கட்டுவதற்கு உரிய எண் 33140, மின் சாதனங்களைப் பழுதுபார்த்தல். 2008ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 33ஆம் பிரிவு உற்பத்தித் துறைக்குள் வருகிறது. மிக்சி, செருப்பு, கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் 95ஆம் பிரிவு, அது சேவை. அதாவது ஊராட்சி மோட்டாருக்குக் காயில் கட்டும்போது நான் உற்பத்தியாளன். அதே மேசையில் பக்கத்து வீட்டு மிக்சியைத் திறந்தால் சேவைக்காரன். ஜி.எஸ்.டி.யில் கேட்டால் இரண்டுமே சேவை, 18 சதவீதம் கட்டு என்கிறார்கள். நான் யார் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

எண்ணை மாற்றிக்கொள்ளலாம். உத்யம் தளத்தில் பதிவுக்கும் திருத்தத்துக்கும் ஒரு பைசா கிடையாது. நெட் சென்டரில் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டேன். 500 என்றார். பேசாமல் இருந்துவிட்டேன்.

13 ஜூன் 2025

சிறுதொழிலிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டிய 358 பொருள்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் பழுதுபார்ப்பு இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அது பொருள்களின் பட்டியல். பக்கெட், குடை, ஊறுகாய் எல்லாம் இருக்கின்றன.

பள்ளிக்கூடக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது, ஓடு மாற்றுவது? அது "பணி" கணக்கு. கொள்முதல் ஆணை பொருளுக்கும் சேவைக்கும் மட்டும்தான். கட்டுமானப் பணி ஒப்பந்தம் அதில் சேராது என்று அமைச்சகமே விளக்கம் சொல்லிவிட்டது. கட்டடப் பழுதுக்கு ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்துகொண்டு உங்கள் ஒப்பந்தக்காரர் வகுப்புக்கு உரிய தொகைக்குள் போட்டி போட வேண்டும். அந்த உலகம் எனக்குத் தெரியாது. என் மைத்துனர் அதில் இருக்கிறார், முடி கொட்டிவிட்டது.

15 ஜூன் 2025, ஞாயிறு

எல்லோரும் ஒதுக்கீடு கிடைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கிடைத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்.

2023இல் ஒரு ஒன்றியத்தில் (எது என்று கேட்காதீர்கள்) ஒரு பொறியாளர் நல்ல மனதோடு ஒரு முடிவு எடுத்தார். கோடைக்குள் பழுதான மோட்டார்களை எல்லாம் சரிசெய்ய வேண்டும், வெளியூர் டீலர் வேண்டாம், உள்ளூர்ச் சிறு கடைகளிடம் மட்டும் கொட்டேஷன் வாங்குவோம் என்று. சட்டம் சொல்லாமலேயே ஒரு ஒதுக்கீடு. மூன்று கடைக்காரர்கள் கொடுத்தோம். ஒருவர் ஹெச்.பி.க்கு (குதிரைத்திறனுக்கு) 1,200, இன்னொருவர் 1,150. நான் 1,000. வேலை எனக்கு.

பதினொரு நீர்மூழ்கி மோட்டார்கள். 5 ஹெச்.பி. நான்கு, 7.5 ஹெச்.பி. ஐந்து, 10 ஹெச்.பி. இரண்டு. மொத்தம் 77.5 ஹெச்.பி., 77,500 ரூபாய். டெம்போவில் வந்து இறங்கியபோது கடைப் பையன்கள் படம் எடுத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் படம் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது, அழிக்க மனம் வரவில்லை.

பிரித்தோம். ஐந்தில் காயில் மட்டும் எரிந்திருந்தது. அது நான் எதிர்பார்த்தது. மூன்றில் அடியில் எடை தாங்கும் த்ரஸ்ட் பேரிங் மாவாகப் போயிருந்தது, புஷ்ஷும் தேய்ந்திருந்தது. இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தொடுகிறது. தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே வேறு என்ன மிஞ்சும்? இரண்டில் உள்ளே சுழலும் ரோட்டர் உரசி ஷாஃப்டில் கோடு விழுந்திருந்தது. லேத்துக்குப் போக வேண்டும்.

பதினொன்றாவது மோட்டாரைத் திறந்த பையன் கூப்பிட்டான். "அண்ணா, உள்ளே ஒன்றும் இல்லை." போய்ப் பார்த்தேன். காயில் சுற்றியிருக்க வேண்டிய ஸ்டேட்டரில் காயிலே இல்லை. சுத்தமாக உருவியிருந்தார்கள். மூடியைத் திருப்பிப் போட்டு, போல்ட் எல்லாம் ஒழுங்காக முறுக்கி, பெயிண்ட்கூடக் கெடாமல். தொழில் தெரிந்த கை.

கதை அதோடு முடியவில்லை. எரிந்த காயிலின் பழைய செம்பை எடைபோட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது அலுவலகச் சொத்து. பதினொரு மோட்டாருக்கும் செம்பு எங்கே என்று பதிவேடு கேட்கிறது. "ஒன்றில் இல்லை" என்று எழுதினால் விசாரணை வரும். விசாரணை வந்தால் என் பில்லும் அதோடு நிற்கும். என் கடைக் கழிவிலிருந்து நான்கு கிலோவை எடுத்துப் போட்டு எடையைச் சரிக்கட்டினேன். யார் உருவினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பேரிங், புஷ், லேத் கூலி, போன செம்பு எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து சுமார் 23,000 போயிற்று. கொட்டேஷனில் "பழுது நீக்கி ஓடும் நிலையில் ஒப்படைக்க" என்று எழுதியிருந்தது. ஓடும் நிலை என்றால் ஓடும் நிலைதான்.

இங்கே யார் குற்றம் என்று பல நாள் யோசித்தேன். பொறியாளர் நல்லவர். மற்ற இரண்டு கடைக்காரர்கள் என்னைவிடப் புத்திசாலிகள், ஆனால் அவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் விலை சொன்னார்கள். புது மோட்டாருக்கு விலை கேட்டால் எவனும் சொல்வான். பழுதுக்குப் பிரித்துப் பார்த்தால்தானே விலை? பிரிக்கும் முன்பே விலை எழுதச் சொல்லி, குறைந்த விலைக்காரனைத் தேர்ந்தெடுத்தால், தேர்வாகிறவன் ஒன்று நஷ்டப்படுவான், இல்லை தேய்ந்த புஷ்ஷையே துடைத்துப் போட்டு அனுப்புவான். சிறு கடைக்கு ஒதுக்கினாலும் பெரிய கம்பெனிக்கு விட்டாலும் இது மாறாது. பெரியவன் மற்ற இருபது வேலையில் ஈடுகட்டிக்கொள்வான், நாம் வீட்டு நகையில் ஈடுகட்டுவோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

16 ஜூன் 2025

பணம் எப்போது வந்தது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஏழு மாதம்.

பில் 77,500, ஜி.எஸ்.டி. 13,950, ஆக 91,450. பில் போட்ட அடுத்த மாதம் 20ஆம் தேதி 13,950 ரூபாயை நான் கட்டிவிட்டேன். அரசு எனக்குத் தராத பணத்துக்கு அரசுக்கு நான் கட்டிய வரி.

சட்டம் என்ன சொல்கிறது? எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதம் ஒருமுறை கூட்டுவட்டி. 2025 ஜூன் 6ஆம் தேதி குறைத்தபோது வங்கி விகிதம் 5.75 ஆனது, மூன்று மடங்கு 17.25 சதவீதம். ஐந்து மாதத் தாமதம் என்று வைத்தால் 6,765 ரூபாய் எனக்கு வர வேண்டும். கோயம்புத்தூரிலேயே இந்தத் தாமதப் பணத்தைக் கேட்க வசதியாக்க மன்றம் இருக்கிறது. ஆன்லைனிலேயே மனு போடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து எதிர்த்தரப்பு அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டும் என்றால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். எழுத்தில் எவ்வளவு அழகான சட்டம்!

நான் மனு போடவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த மோட்டார் அதே வாசலிலிருந்துதான் வர வேண்டும்.

16 ஜூன் 2025, இரவு

திருத்தம். தாமதம் நடந்தது 2023இல். அப்போது வங்கி விகிதம் 6.75. மூன்று மடங்கு 20.25. ஆகவே 6,765 அல்ல, சுமார் 7,980. கணக்கைப் பார்த்துவிட்டு என் மனைவி, "ஏனுங்க, வாங்காத வட்டிக்கு இவ்வளவு துல்லியமா?" என்கிறாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

வரித் தணிக்கையாளர் ஒருவர் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவை நினைவுபடுத்துகிறார். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து, சிறுதொழிலுக்குக் குறித்த நாளுக்குள் பணம் தராத கம்பெனி அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்தில் கழிக்க முடியாது. உண்மை. திருப்பூரில் அதனால் ஒரு வருடம் ஒரே பரபரப்பு. ஆனால் ஒன்றியம் வருமான வரி கட்டுகிறதா என்ன?

18 ஜூன் 2025

அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா பேரன் இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் பேசினான். அங்கே மத்திய ஒப்பந்தப் பணத்தில் 23 சதவீதம் சிறுதொழிலுக்குப் போக வேண்டும் என்பது இலக்கு. நம்மூர் 25க்குப் பக்கத்தில்தான். ஆனால் வழி வேறு. தகுதியான சிறு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு நியாயமான விலைக்கு வரும் என்று அதிகாரிக்குத் தோன்றினால், அந்த ஒப்பந்தத்தையே சிறியவர்களுக்கு மட்டும் என்று பூட்டிவிட வேண்டும். பெரியவன் உள்ளே வரவே முடியாது. பழுதுபார்ப்பும் கட்டுமானமும் அதில் அடக்கம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அப்படிக் கிடைத்த சேவை வேலையை எடுத்த சிறு நிறுவனம், வரும் பணத்தில் பாதிக்கு மேல் பெரிய துணை ஒப்பந்தக்காரனுக்குக் கொடுக்கக் கூடாது. கட்டுமானத்தில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம், அங்கே அது அப்படித்தான் நடக்கும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதாவது பெயர் உன்னுடையது என்றால் கையில் கொஞ்சமாவது கிரீஸ் ஒட்டியிருக்க வேண்டும்.

நம்மூரில் சான்றிதழை வாடகைக்கு விட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த விதி வந்தால்தான் புத்தி வரும். மானம்கெட்ட பிழைப்பு.

19 ஜூன் 2025, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்றைய கடைசி வரியை எழுதியது நான்தான். ஆனால் கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

2021இல் நானும் சான்றிதழை வாடகைக்கு விட்டேன். கொரோனாவில் ஆறு மாதம் கடை சரியாக நடக்கவில்லை. தெரிந்த ஒரு டீலர் வந்தார். ஒரு மத்திய நிறுவனத்தின் பம்புகளுக்கு ஓராண்டுப் பராமரிப்பு, 6,40,000 ரூபாய். அவர் வியாபாரி, சலுகை கிடையாது. "தம்பி, உன் பெயரில் போடுவோம், முன்வைப்புத்தொகை மிச்சம், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்கு 3 சதவீதம்" என்றார். 19,200 ரூபாய். வாங்கினேன். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் பழைய பைக்கை மாற்றினேன்.

எட்டாவது மாதம் எனக்குக் கடிதம் வந்தது, வேலை திருப்தியில்லை, விளக்கம் கொடு என்று. போய் நின்றேன். அந்தப் பம்ப் அறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று வாசல் காவலாளியிடம் கேட்டேன். அந்த அவமானம் போதும். ஓராண்டு அங்கே ஒப்பந்தப்புள்ளி போடத் தடை.

இப்படிச் செய்தவன் "மானம்கெட்ட பிழைப்பு" என்று எழுதலாமா என்று நினைத்தேன். எழுதலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

22 ஜூன் 2025

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ஒருவர், "கோயம்புத்தூர்க்காரர்கள் ஏன் எப்போதும் மோட்டார் மோட்டார் என்கிறீர்கள்?" என்று கேட்டார். 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கியது. மில்லுக்குப் போனது, கிணற்றுக்கும் போனது. நாட்டிலேயே முதலில் மின்மோட்டார் செய்தவர்கள் என்று ஜி.டி. நாயுடுவையும் பாலசுந்தரம் நாயுடுவையும் சொல்வார்கள், 1937. என் அப்பாரு (தாத்தா) அதுவரை மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்தவர். மோட்டார் வந்ததும் மாட்டை விற்றார். முதல் கோடையிலேயே மோட்டார் எரிந்தது. "மாடு படுத்தால் புல்லைப் போட்டு எழுப்பலாம், இது படுத்தால் எதைப் போடுவது?" என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்தாராம். எங்கள் குடும்பம் இந்தத் தொழிலுக்கு வந்த வழி அதுதான்.

24 ஜூன் 2025

இனி என் மனைவி கதை. அவள் அனுமதியோடு.

பெண்களுக்கு 3 சதவீதம் வந்தபோது கடையை அவள் பெயருக்கு மாற்றலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். எண்ணம் நல்லதல்ல, பெயருக்கு அவள், வேலைக்கு நான் என்று. தடைக் கடிதம் வந்த பிறகு அவளே, "என் பெயரில் என்றால் கணக்கு என் கையில்" என்றாள். இப்போது பெண் தொழில்முனைவோர் நடத்தும் கடையில் நான் தலைமைக் காயில்காரன். சம்பளம் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பதினொரு மோட்டார் நஷ்டத்துக்குப் பிறகு கொட்டேஷன் எழுதும் பேனாவை அவள் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த முறை வேறு ஒரு உள்ளாட்சி அலுவலகம் விலை கேட்டபோது மொத்த விலை கொடுக்க மாட்டேன் என்றாள். வரி வரியாக எழுதினாள். பிரித்துப் பார்க்கும் கூலி மோட்டாருக்கு 400, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். காயில் ஹெச்.பி.க்கு இவ்வளவு. புஷ் ஒன்றுக்கு இவ்வளவு. த்ரஸ்ட் பேரிங் ஒரு செட். ஷாஃப்ட் லேத் வேலை. ஏற்றி இறக்கும் கூலி கிலோமீட்டர் கணக்கு. செம்பு விலை 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ காயில் விகிதம் மாறும் என்றும் ஒரு வரி.

பொறியாளர் செம்பு விலை பற்றிய அந்த ஒரு வரியை அடித்துவிட்டார். மற்றதைப் பார்த்து, "அம்மா, இதில் யார் குறைந்த விலை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தணிக்கைக்கு ஒரே எண் வேண்டும். அவள் யோசித்து, "7.5 ஹெச்.பி. மோட்டார் ஒன்றில் எல்லாப் பாகமும் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மூன்று பேர் விகிதத்தையும் அதில் போட்டுக் கூட்டுங்கள். குறைந்தவருக்கு ஓராண்டு விகித ஒப்பந்தம் கொடுங்கள். பணம் மட்டும் பிரித்துப் பார்த்த பிறகு எது போனதோ அதற்குக் கொடுங்கள்" என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். நானும்.

ஒத்துக்கொண்டார்கள். அந்த ஓராண்டில் இருபத்து மூன்று மோட்டார் பார்த்தோம். லாபம் பெரிதாக இல்லை, ஆனால் எந்த மோட்டாரும் பயமுறுத்தவில்லை.

25 ஜூன் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு வால்வுக்கார நண்பர் ஒரே வரியில் அனுப்பினார்: "அப்படியானால் எல்லா மோட்டாரிலும் எல்லாப் புஷ்ஷும் போய்விடுமே!"

சரிதான். மொத்த விலையில் கடைக்காரன் பழையதைத் துடைத்துப் போடுவான். வரி வரியாக விலை போட்டால் நல்லதையும் கழற்றிவிட்டுப் புதியது போட்டதாக எழுதுவான். நான் காயில்காரன், எனக்குத் தெரியாதா? எங்கள் ஓராண்டில் அது நடக்காமல் இருந்ததற்கு என் நேர்மை காரணமல்ல. பிரிக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒரு இளநிலைப் பொறியாளர் வந்து நின்றார். கழற்றிய பாகங்களை மோட்டார் எண் எழுதிய சாக்கில் கட்டி அவரிடமே கொடுத்தோம். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் அவர் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. அடுத்து வந்தவருக்கு அதற்கு நேரமில்லை. அதனால் மறு வருடம் மொத்த விலைக்கே திரும்பிவிட்டார்கள். நாங்கள் போடவில்லை.

3 ஜூலை 2025

சிறு குறிப்பு. உத்யம் பதிவு இல்லாமல் வேலை முடித்துவிட்டுப் பிறகு பதிந்து வட்டி கேட்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. அது முடியும்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே பதிந்துவிடுங்கள். நெட் சென்டர் வேண்டாம்.

17 ஜூலை 2025, இரவு 9.40

கோபி வாசகரின் தம்பி பேசினார். எண்ணை 33140 என்று மாற்றிவிட்டார். மத்திய நிறுவனம் எதுவும் இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் அந்தச் சிரித்த எழுத்தர், பெரிய டீலர் மூன்று மோட்டாரை இரண்டு மாதம் தொடாமல் வைத்திருந்ததில் கடுப்பாகி, இவரைக் கூப்பிட்டு மூன்றையும் கொடுத்திருக்கிறார். கொட்டேஷன் வரி வரியாக எழுதினாராம், என் மனைவி பட்டியலைப் பார்த்து.

நல்லது என்றேன். குரல் சரியில்லை.

"அண்ணா, இப்போதுதான் மூன்றாவதைப் பிரித்தேன். உள்ளே செம்பே இல்லை."

மூடியைத் தொடாதே, பையன்களையும் தள்ளிப் போகச் சொல், அப்படியே படம் எடு, எழுத்தரை நாளைக் காலையில் கடைக்கே வரச் சொல், அவர் முன்னால் எடைபோட்டுக் கையெழுத்து வாங்கு என்றேன். வருவாரா என்றார். சிரிக்கத் தெரிந்தவர், வருவார் என்றேன். பக்கத்திலிருந்து என் மனைவி, "பிரித்துப் பார்த்த கூலி 400 எழுதச் சொல்லுங்கள்" என்றாள். எழுதச் சொன்னேன்.